ராகு காலத்துக்கு முன்னால் போட்ட கையெழுத்து

ஜூன் 23, வெள்ளி

எண்ணெய்க் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஆறு மாதம் அலமாரியில் தூங்கியது. இன்று எடுத்ததற்குக் காரணம் உண்டு. மகள் அபிநயா கல்யாணத்துக்கு மண்டபம் பேசி முடித்துவிட்டேன். இனி ஆவணி வரைக்கும் ஓடுகிற ஓட்டத்தில் எது செய்தேன், எது செய்யவில்லை என்று எனக்கே மறந்துபோகும். எழுதி வைப்பது நல்லது.

பைபாஸ் ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கிறார்களே, அந்த ஏ.சி. மண்டபம். யாரோ ரத்து செய்த தேதி, ஆவணியில் நமக்கு வேண்டிய நாளே கிடைத்தது. சம்பந்தியம்மா வளர்மதியும் கூட வந்தார். ஏ.சி. வேண்டும் என்று ஆசைப்பட்டதே அவர்தான். சென்னையிலிருந்து அவர்கள் வீட்டு ஆட்கள் வருகிறார்களாம், வியர்த்தால் தாங்க மாட்டார்களாம். எங்கள் வீட்டுக்காரரை நான் கூட்டிப் போகவில்லை. ஆபீஸ் மாடியில் இருக்கிறது, இருபத்திரண்டு படி.

மேனேஜர் முப்பது வயது இருக்கும். நெற்றி நிறையக் குங்குமம், வாய் நிறைய அம்மா. ஒப்பந்தத்தை என் முன்னால் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான். "பத்தரைக்கு ராகு காலம் பொறக்குதும்மா. அதுக்கு முன்னாடி போட்டுருங்க. படிக்கிறத வீட்ல போயி நிதானமா படிச்சுக்கலாம்."

மணி பத்து இருபது. வளர்மதி என் கையில் பேனாவைத் திணித்தார். கல்யாணக் காரியம், ராகு காலத்தில் தொடங்கினேன் என்று பின்னால் ஒரு சொல் வரக் கூடாது. பிள்ளையார் சுழி போட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, முன்பணமும் கொடுத்தேன். படிக்க நேரமில்லை.

வீட்டுக்கு வந்து நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, மீனாட்சி படத்துக்குக் கீழே வைத்துவிட்டேன். இவர் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அடுப்பாங்கரை எப்பிடி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். பெரிசாக இருக்கிறது என்று சொன்னேன். உண்மைதான், பெரிசாகத்தான் இருக்கிறது.

ஜூன் 24, சனி

தோசை மாவு புளித்துவிட்டது. அபிநயாவுக்கு லேபில் ஞாயிறும் டூட்டி போட்டிருக்கிறார்களாம், கல்யாணப் பெண்ணுக்குக்கூட இரக்கம் இல்லை.

எதிர்வீட்டு லட்சுமிபாய் வந்து மண்டபத்தைப் பற்றிக் கேட்டாள். ஆறு பக்கம், இருபத்தொரு நிபந்தனை, பூ அலங்காரம்கூட அவர்கள் ஆள்தான், ஜெனரேட்டருக்கு டீசல் தனி என்று சொன்னேன். "அம்புட்டும் படிச்சுட்டியாக்கும்?" என்றாள். பொதுவாக எல்லா ஏ.சி. மண்டபத்திலும் அப்படித்தான் என்று சொல்லி அனுப்பினேன். அவளுக்கு எதைத்தான் சொல்வது.

ஜூன் 26, திங்கள்

இவரைப் பற்றி எழுதாமல் இந்தக் கல்யாணத்தைப் பற்றி எழுத முடியாது.

சமையல் மாஸ்டர் சோணைமுத்து என்றால் மேலூரிலிருந்து திருமங்கலம் வரைக்கும் தெரியும். முப்பத்து நான்கு வருடமாக ஊரார் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணச் சாப்பாடு போட்ட கை. நாலாவது வகுப்போடு படிப்பை விட்டவர், அதனால் எழுத்து வேலை முழுக்க நான். எங்கள் சமையல் ஒப்பந்தம் ஒரே தாள், நான் எழுதியது. எத்தனை இலை, எத்தனை வகை, விறகும் பாத்திரமும் யார் பொறுப்பு, கல்யாணம் நின்றால் என்ன, எல்லாம் அதில் இருக்கும். வருகிறவர்களை உட்கார வைத்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் நான் கையெழுத்து வாங்கியதில்லை. "நம்பிக்கைதானக்கா" என்பார்கள். நம்பிக்கை வேறு, காகிதம் வேறு என்று வைவேன்.

பங்குனியில் செக்கானூரணியில் ஒரு கல்யாணம். சாம்பார் கொதிக்கும்போது அடுப்புப் பக்கத்திலேயே சரிந்துவிட்டார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். நல்ல வேளை, காசிராசன் பக்கத்தில் இருந்து தாங்கிப் பிடித்தான்; இல்லையென்றால் அண்டாவில் விழுந்திருப்பார். அனல் பக்கம் போகக் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வெளி வேலையெல்லாம் காசிராசன்தான் பார்க்கிறான். பத்து வருடம் இவரிடம் வேலை கற்றவன், தங்கமான பிள்ளை.

ஆனால் தன் மகள் கல்யாணத்துக்குத் தானே சமைப்பேன் என்று இவர் சொல்லிக்கொண்டிருப்பது இன்று நேற்றல்ல. அபிநயா பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று சொன்னது. நானும் அன்றைக்குச் சிரித்தேன்.

ஜூன் 28, புதன்

செக்கப் நாள். நான் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்று காசிராசன் வண்டியில் போய்விட்டார். திரும்பி வந்து, "டாக்டர் ஒண்ணும் சொல்லல, நல்லாருக்கேன்னாரு" என்றார். ஒன்றும் சொல்லாத டாக்டரிடம் எதற்கு ஒரு மணி நேரம்? இரண்டு பேரும் ஏதோ மறைக்கிறார்கள். நெருப்புப் பக்கம் போக அனுமதி வாங்கியிருப்பார்கள். கேட்டால் சண்டை வரும், கேட்கவில்லை.

முருங்கைக்காய் வாங்கினேன். பாதி முற்றல்.

ஜூன் 30, வெள்ளி

எட்டாவது நாள். ஒப்பந்தத்தை மீனாட்சி காலடியிலிருந்து எடுத்து, படித்துவிட்டு, திரும்ப வைத்தேன். இவர் பார்க்கவில்லை.

பதினான்காம் நிபந்தனை: மண்டபத்தின் சமையற்கூடத்தில் மண்டபம் அமர்த்தியுள்ள சமையல் குழுவினர் தவிர வேறு எவரும் அடுப்பு மூட்டவோ, உணவு தயாரிக்கவோ, வெளியிலிருந்து சமைத்த உணவைக் கொண்டு வரவோ அனுமதி இல்லை.

மற்ற எழுத்தில் பாதி அளவில் அச்சடித்திருக்கிறான். பதினேழாவது: கையெழுத்திட்ட நாளையும் சேர்த்துப் பதினைந்து நாளுக்குள், கடைசி நாள் மதியம் பன்னிரண்டு மணிக்குள், எழுத்து மூலம் ரத்து செய்தால் முன்பணத்தில் முக்கால் பங்கு திரும்பக் கிடைக்கும். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. பதினைந்தாவது நாள் ஜூலை ஏழு, அடுத்த வெள்ளி.

மாலை இவர் இரண்டு தாளை என்னிடம் நீட்டினார். சமையல் பட்டியலாம். அவரே எழுதியிருக்கிறார். ஒரு கடிதம்கூட எழுதாத மனுஷன், மூன்று நாளாக முற்றத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். "இத நல்லா ஸ்கெட்ச் பேனாவுல எழுதிக் குடு வர்ணம், அடுப்பாங்கரை செவுத்துல ஒட்டணும். முழுசாப் படிச்சுட்டு எழுது" என்றார். என் பெயரை வர்ணம் என்று சுருக்கித்தான் கூப்பிடுவார்.

கை வலிக்கிறது, பிறகு எழுதுகிறேன் என்று வாங்கி இட்லி அரிசி டிரம்முக்கு மேலே வைத்துவிட்டேன். படிக்கவில்லை. அவியல், பருப்பு, பாயசம் என்று இவர் கையெழுத்தில் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

ஜூலை 2, ஞாயிறு

இன்று நடந்ததை எப்படி எழுதுவது.

சமையல்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தொழிலில் இருக்கிறவன் வீட்டில் கல்யாணம் என்றால் மற்ற மாஸ்டர்கள் கவரில் மொய் வைக்க மாட்டார்கள். ஆளுக்கு ஒரு பதார்த்தம் செய்து தருவார்கள். கை மொய் என்று பெயர். யார் எந்தப் பதார்த்தம் செய்தார்கள் என்று பிறகு இருபது வருடம் பேசுவார்கள். இவரும் எத்தனையோ வீட்டுக்குக் கை மொய் செய்திருக்கிறார்.

காலை பத்து மணிக்குக் காசிராசனையும் சேர்த்துப் பதினோரு மாஸ்டர்கள் வந்து நின்றார்கள். முற்றத்தில் பாய் விரித்தேன். வாடிப்பட்டியிலிருந்து ஒருவர், சிவகங்கையிலிருந்து ஒருவர், இவரோடு சிறுவயதில் பாத்திரம் கழுவியவர் ஒருவர். பால் பாயசம் எனக்குத்தான் என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். நிஜமான சண்டை. கடைசியில் ஒருவர் விட்டுக்கொடுத்துப் புளிக்குழம்பு எடுத்துக்கொண்டார், முகம் சுண்டிப்போனது.

நான் வெங்காயம் நறுக்கியபடி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பங்குனிக்குப் பிறகு இவர் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நடுவில் உட்கார்ந்து, இதற்கு இவ்வளவு மல்லி, அதற்கு எண்ணெய் கடைசியில் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கூட்டிப் பெருக்கிய வாசல் மாதிரி வெறிச்சோடி இருந்த முகம் அது.

கிளம்பும்போது காசிராசன் என்னிடம் வந்தான். "அக்கா, மண்டபத்துல அடுப்பு எத்தன? கேஸா வெறகா? ஒரு நாள் போயி பாத்துட்டு வந்துரவா?" என்றான். வேலை நடக்கிறது, இப்போது விட மாட்டார்கள் என்று சொன்னேன். பொய் நாக்கில் எவ்வளவு லேசாக வருகிறது.

ஜூலை 3, திங்கள்

தூக்கமில்லை. மண்டபத்துக்கு போன் செய்தேன். பதினான்காவதை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். "அதெல்லாம் பாத்துக்கலாம்மா, நம்ம ஆளுகதான, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றான் மேனேஜர்.

பார்த்துக்கலாம் என்ற வார்த்தையை நான் முப்பது வருடமாகக் கேட்கிறேன். கல்யாணத்தன்று காலை நாலு மணிக்கு அதற்கு ஒரு மரியாதையும் இருக்காது. நாளை நேரில் போகிறேன்.

ஜூலை 4, செவ்வாய்

நேரில் போனேன். இருபத்திரண்டு படி. "தம்பி, போன்ல சொன்னத எழுதிக் குடுங்க. பதினாலாவத அடிச்சுட்டு, பக்கத்துல நீங்க ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து" என்றேன்.

முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. சமையல் கூடத்தை வேறு ஒரு கம்பெனிக்கு வருடக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்களாம், அவன் கையில் ஒன்றுமில்லையாம். "நீங்க கையெழுத்துப் போட்டப்பவே படிச்சிருக்கணும்மா."

அடப்பாவி, படிக்காதே என்று கடிகாரத்தைக் காட்டியவன் நீதானே என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவனிடம் அதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று இங்கே எழுத இன்று தைரியம் வரவில்லை.

திரும்பும்போது அவன் மேஜையில் இன்னொரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அப்பாவும் மகளும். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தான். செவ்வாய்க்கிழமை ராகு காலம் மூன்று மணிக்கு. மணி இரண்டே முக்கால். அந்தப் பெரியவரிடம் போய், "அண்ணே, மூணு மணி போனா நாலரைக்கு நல்ல நேரம் வரும். உக்காந்து படிங்க, ஒரு காப்பி அவுங்க கையெழுத்தோட வாங்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். மேனேஜர் முறைத்தான். முறைக்கட்டும்.

ஜூலை 5, புதன்

அபிநயாவிடம் சொன்னேன். அவள் லேபிலிருந்து வந்து கால் கழுவுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன், இல்லையென்றால் மனம் மாறிவிடும். இப்படி ஒரு நிபந்தனை இருக்கிறது, அப்பாவால் அங்கே சமைக்க முடியாது, ஒரு வகையில் நல்லதுதானே, அனலில் நின்று இன்னொரு தடவை விழுந்தால் யார் தாங்குவது என்று.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்பாகிட்டக் கேட்டியாம்மா?"

கேட்கவில்லை. கேட்டால் கேட்க மாட்டார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

"எனக்கும் பயந்தான்" என்றாள். "ஆனா அது அப்பாவோட நெஞ்சு."

அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். எனக்கும் இறங்கவில்லை. ரசத்தை நாய்க்கு ஊற்றினேன், அதுவும் குடிக்கவில்லை.

ஜூலை 6, வியாழன்

உள்ளதை எழுதுகிறேன். இந்த டைரியைப் படிக்கப் போகிறவள் நான் ஒருத்திதான்; எனக்கே பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது.

23ஆம் தேதி படிக்க நேரமில்லை என்று எழுதியிருக்கிறேன். பொய். முப்பது வருடமாக ஒப்பந்தம் எழுதுகிறவளுக்கு ஆறு பக்கம் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? வளர்மதியும் மேனேஜரும் தாம்பூலத் தட்டில் எந்தப் பழம் வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோதே கண்ணை ஓட்டிவிட்டேன். பதினான்காவது கண்ணில் பட்டது. பொடி எழுத்தாக இருந்தால் என்ன, அதைத்தானே நான் முதலில் படிப்பேன்.

படித்ததும் எனக்கு வந்தது கோபம் இல்லை. நிம்மதி. நான் சொல்லித் தடுக்க முடியாததை இந்தக் காகிதம் தடுக்கும். கெட்ட பெயர் மண்டபத்துக்குப் போகட்டும், அதற்கு மேல் போனால் ராகு காலத்துக்குப் போகட்டும். நான் அவசரத்தில் படிக்காமல் போட்ட அப்பாவி. இவரும் என்னைத் திட்ட மாட்டார், திட்டினாலும் உயிரோடு இருந்து திட்டுவார். அப்படித்தான் நினைத்தேன். அந்தக் கை மொய்க்காரர்கள் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. முற்றத்தில் இவர் அப்படிச் சிரிப்பார் என்றும் நினைக்கவில்லை.

செக்கானூரணியில் இவர் சட்டையைக் கிழித்து நெஞ்சை அழுத்தினார்களாம். கிழிந்த சட்டையைக் காசிராசன் ஒரு பையில் போட்டுக் கொண்டு வந்து கொடுத்தான். அதை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. பரணில் இருக்கிறது. என் பயம் எனக்குத்தான் தெரியும்.

ஆனால் என்னைக் கேட்காமல் என் பெயரில் யாராவது ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனா? தெருவையே கூட்டி நியாயம் கேட்டிருப்பேன்.

நாளை மதியம் பன்னிரண்டு மணியோடு முடிந்துவிடும். ரத்து செய்தால் இவர் அனலில் நிற்பார். செய்யாவிட்டால் பதினோரு மாஸ்டர்கள் முன்னால் தலைகுனிந்து நிற்பார். மீனாட்சி, எனக்கு எதுவும் ஓடவில்லை.

ஜூலை 7, வெள்ளி

நீளமாக எழுத வேண்டும், கை வலித்தாலும்.

காலையில் இட்லிக்கு அரிசி எடுக்க டிரம்மைத் திறந்தபோது மேலே வைத்த தாள்கள் கீழே விழுந்தன. இவருடைய பட்டியல். ஒரு வாரமாக அங்கேயே கிடந்திருக்கிறது. பொறுக்கி எடுத்து, சரி, இன்றைக்காவது பார்ப்போம் என்று படித்தேன்.

கோணல் மாணலாகப் பெரிய எழுத்து. பருப்பு, வாடிப்பட்டி அண்ணன். அவியல், காசிராசன். பால் பாயசம் என்ற இடத்தில் ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயர்; அதற்குச் சண்டை வரும் என்று இவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பதினோரு பதார்த்தம், பதினோரு பெயர். இவர் பெயர் எங்குமே இல்லை. இரண்டாவது தாளின் கடைசியில் கோடு போட்டு எழுதியிருந்தது:

"அனலுக்கு எட்டடி தள்ளி நாற்காலி போடவும். அதில் நான். எழுந்திருக்க மாட்டேன். டாக்டரிடம் சொல்லியாச்சு. வாசத்தில் உப்பு பார்ப்பது நான். நாக்கில் வைத்துப் பார்ப்பது வர்ணம்."

அரிசிப் படி கையில் இருக்க, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எவனோ அச்சடித்த ஆறு பக்கத்தை நொடியில் படித்தவள், கட்டினவர் எழுதிய இரண்டு பக்கத்தை எட்டு நாள் படிக்கவில்லை.

இவர் முற்றத்தில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். போய் எல்லாவற்றையும் சொன்னேன். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன் என்பதையும் சொன்னேன். சொல்லும்போது அழவில்லை; அழுதால் இவர் இரங்கிவிடுவார், அது நியாயமில்லை.

இவர் சொம்பைக் கீழே வைத்தார். பிறகு, "பஞ்சவர்ணம்" என்றார். கோபம் வந்தால்தான் முழுப் பெயர். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்க வேண்டும் என்றேன்.

"நீ பயந்தேன்னு எனக்குத் தெரியாதா? எனக்கு மட்டும் பயம் இல்லையா? இனிமே நின்னு சமைக்க முடியாது, ஒக்காந்துதான் இருக்கணும்னு வாயால சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் எழுதிக் குடுத்தேன்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இவர் தடுக்கவில்லை. தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டு, "மணி என்ன?" என்று மட்டும் கேட்டார்.

பத்து மணி. ரத்துக் கடிதம் எழுத அரை மணி ஆனது. கிளம்பும்போது பத்தே முக்கால். வாசலில் நின்று, "ராகு காலமாச்சே வர்ணம்" என்றார். நல்ல நேரம் பார்த்துப் போட்ட கையெழுத்தின் லட்சணம்தான் தெரிகிறதே, இதற்கு ராகு காலமே போதும் என்றேன். சிரித்துவிட்டார். ஷேர் ஆட்டோவில் இரண்டு பேரும் போனோம். இவரை ஆட்டோவிலேயே இருக்கச் சொன்னேன், கேட்கவில்லை. இருபத்திரண்டு படியையும் நாலு இடத்தில் நின்று நின்று ஏறினார்.

கடிதத்தைப் பார்த்ததும் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தான். பழக்கம் போலிருக்கிறது. "வெள்ளிக்கெழம, ராகு காலத்துல குடுக்குறீங்களேம்மா. சாயங்காலம் நல்ல நேரத்துல வாங்க, வாங்கிக்கிறேன்."

சாயங்காலம் வந்தால் பன்னிரண்டு மணி தாண்டிவிடும், காலணா திரும்பாது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "தம்பி, எங்களுக்கு இந்த நேரந்தான் ராசி. வாங்கிக்கிட்டு, இந்தப் பிரதியில சீல் வச்சு, மணி போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றேன். போனை எடுத்தான், உள்ளே போனான், வந்தான். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. பதினொன்று நாற்பது என்று மணி போட்டுக் கொடுத்தான். கால் பங்கு போனது போனதுதான், என் புத்திக்கு அபராதம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இரவு வளர்மதிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். என்னைப் பற்றியதையும் மறைக்கவில்லை. "அப்பிடியா" என்று இழுத்தார். ஏ.சி. போய்விட்டதே என்று வருத்தம் இருக்கத்தான் செய்யும். பிறகு, "மதினி, பொண்ணு பாக்க வந்தன்னிக்கு உங்க வீட்டு வத்தக்குழம்பச் சாப்பிட்டுட்டுத்தான் எங்க வீட்டுக்காரரு சரின்னு தலையாட்டுனாரு. வேர்த்தா வேர்த்துட்டுப் போகுது, ஃபேன் வாடகைக்கு எடுத்துக்கலாம்" என்றார். நல்ல மனுஷி. பேனாவைத் திணித்தார் என்று முதல் நாள் எழுதியதற்காக அவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

ஜூலை 9, ஞாயிறு

பழங்காநத்தத்தில் பழைய மண்டபம், அதே நாள் காலியாக இருந்தது. ஏ.சி. இல்லை, மாடிப்படி இல்லை. பின்னால் தென்னை மரத்தோடு பெரிய சமையல் கொட்டகை, காற்று சுற்றி வரும். இவருக்கு அங்கே எந்த அடுப்பில் புகை வரும் என்பதுகூடத் தெரியும்.

உரிமையாளர் இரண்டு பக்க ஒப்பந்தத்தை என்னிடம் நீட்டினார். நான் பேனாவை எடுத்தேன். இவர் என் கையைப் பிடித்தார். "வாய்விட்டுப் படி. எனக்குக் கேக்கணும்" என்றார்.

படித்தேன். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் படித்துக் காட்டுவேனே, அப்படி. ஒவ்வொரு நிபந்தனைக்கும் நிறுத்தி இவர் முகத்தைப் பார்த்தேன். தலையாட்டிய பிறகு அடுத்தது. காலியாக விட்டிருந்த இரண்டு இடத்தில் கோடு போடச் சொன்னேன். சமையல் எங்கள் ஆட்களுடையது என்று கையால் ஒரு வரி சேர்த்து எழுதச் சொன்னேன். உரிமையாளர் நெளிந்தார். "அம்மா, நாலரைக்கு ராகு காலம்..."

"ஆறு மணிக்கு முடிஞ்சுரும்ல?" என்றார் இவர். "அது வரைக்கும் இன்னொரு தடவ படி வர்ணம்."

இரண்டாவது தடவையும் படித்தேன். டீ வந்தது. ஆறு ஐந்துக்குக் கையெழுத்துப் போட்டோம். நான் ஒன்று, இவர் ஒன்று. கல்யாணப் பதிவேட்டுக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டது இதுதான் முதல் தடவை.

ஜூலை 10, திங்கள்

ஸ்கெட்ச் பேனாவில் பட்டியலை எழுதி முடித்தேன். கடைசி வரிக்குச் சிவப்பு.

ஆகஸ்ட் 21, திங்கள்

தாலி ஏறியாயிற்று. முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கிறது, கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு வரி எழுதுகிறேன்.

எட்டடி தள்ளித்தான் நாற்காலி. காசிராசன் டேப் வைத்து அளந்து போட்டான். விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஒவ்வொரு மாஸ்டராகக் கரண்டியைக் கொண்டு வந்து நீட்டினார்கள். இவர் கண்ணை மூடி வாசம் பிடித்தார். "ரசத்துக்கு ஒரு சிட்டிகை" என்றார். "அவியல் போதும்" என்றார். ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கரண்டியை என் பக்கம் திருப்பி, என் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விடச் சொல்லி, "நீ சொல்லு" என்றார்.

பதினோரு தடவை நக்கிப் பார்த்தேன்.

உப்பு சரியாக இருந்தது.